காவலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? போஸ்னியாவின் காவல்துறைச் சீர்திருத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

போஸ்னியா ஹெர்சகோவினாவில் 2004 முதல் 2008 வரை நடந்த காவல்துறைச் சீர்திருத்த முயற்சியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு அது. சீர்திருத்தத்துக்கு வல்லுநர்கள் இருந்தார்கள், வெளிநாட்டுப் பணம் இருந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் அழுத்தமும் இருந்தது. அப்படியிருந்தும் நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கைக்குக் கிடைத்தவை இரண்டு சட்டங்களும் ஏழு புதிய அலுவலகங்களும் மட்டுமே. காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகும் குடிமகனுக்கு அவற்றால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள் ஆகியோருக்கிடையே 1992 முதல் 1995 வரை நடந்த போரில் அந்நாட்டுக் காவல்துறை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பிரியேதோர் நகருக்கு அருகில் இருந்த ஓமார்ஸ்கா தடுப்பு முகாமில் காவலுக்கு நின்றவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். போஸ்னிய செர்பியர்கள் அமைத்த ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் முதல் உள்துறை அமைச்சர் மிச்சோ ஸ்தானிஷிச்சுக்கும், பான்யா லூகா பகுதியின் காவல் தலைவராக இருந்த ஸ்தோயான் ஜுப்லியானினுக்கும் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் தலா 22 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. போர் முடிந்தபோது 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் காவல்துறைச் சீருடையில் இருந்தார்கள். அவர்களில் பலருக்குக் காவல் பயிற்சியே கிடையாது. துப்பாக்கியைக் கீழே வைக்காமல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள்.

1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தம் போரை நிறுத்தியது. ஆனால் நாட்டை இரண்டு பெரும் அலகுகளாகப் பிரித்தும் வைத்தது: போஸ்னியாக்குகளும் குரோஷியர்களும் பெரும்பான்மையாக வாழும் கூட்டமைப்பு ஒன்று, செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஸ்ர்ப்ஸ்கா குடியரசு மற்றொன்று. கூட்டமைப்புக்குள் பத்து மண்டலங்கள் அமைந்தன. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி உள்துறை அமைச்சரும் தனிக் காவல்துறையும் உண்டு. ஸ்ர்ப்ஸ்கா குடியரசிலோ எல்லாம் ஒரே அமைச்சரின் கையில். இரண்டு அலகுகளுக்கும் பொதுவான பிர்ச்கோ மாவட்டத்துக்கு இன்னொரு காவல்துறை அமைந்தது. பின்னாளில் மத்திய அளவில் எல்லைக் காவல் படையும், சிபா எனப்படும் அரசு விசாரணை, பாதுகாப்பு முகமையும் சேர்ந்தன. கூட்டமைப்பின் சொந்தக் காவல்துறையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் பதினைந்து காவல் அமைப்புகள்.

இந்தப் பிரிவினை அன்றாட வாழ்க்கையில் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு சிறு செய்தி. போருக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் ஒரு வண்டியின் எண்பலகையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடலாம். அலகுகளுக்கு இடையிலான கோட்டைத் தாண்டிப் போகும் வண்டியை மறுபக்கக் காவலர் மறித்து நிறுத்துவார் என்ற அச்சத்தில், சொந்த வீட்டை எட்டிப் பார்க்கக்கூட மக்கள் போகத் துணியவில்லை. 1998இல், டேட்டன் ஒப்பந்தம் நடைமுறையாவதை மேற்பார்வையிடும் சர்வதேச உயர் பிரதிநிதியாக இருந்த கார்லோஸ் வெஸ்தென்தோர்ப் நாடு முழுவதற்கும் பொதுவான எண்பலகையைக் கொண்டுவந்தார். ஊர்க் குறியீடு அதில் இல்லை. லத்தீன், சிரிலிக் ஆகிய இரு எழுத்து முறைகளிலும் ஒரே வடிவம் கொண்ட எழுத்துகள் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. எதிர்ப்பக்கத்துக் காவலரின் கண்ணுக்கு வண்டி அடையாளம் தெரியாமல் போனதும் போக்குவரத்து பெருகியது. என் மதிப்பீட்டில், அந்த நாட்டில் நடந்த மிகச் சிறந்த காவல் சீர்திருத்தங்களுள் அதுவும் ஒன்று. காவலரிடம் இருந்த ஓர் அதிகாரத்தை அது சத்தமில்லாமல் எடுத்துவிட்டது.

மோஸ்தார் நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 10 அன்று, ரமலான் நோன்பு முடிந்த பெருநாளை ஒட்டி, போஸ்னியாக்குகள் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குத் தம் உறவினரின் அடக்கத்தலங்களைக் காணச் சென்றார்கள். குரோஷியக் காவலர்கள் அவர்களை மறித்து அடித்தார்கள். கூட்டம் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது துப்பாக்கியால் சுட்டார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். சுட்டவர்களைப் புகைப்படங்களே காட்டிக்கொடுத்தன. அப்படியும் வழக்கு மிக இலேசான தண்டனைகளோடு முடிந்துபோனது. தன் இனத்து அரசியல்வாதிகள் தன்னைக் கைவிடமாட்டார்கள் என்று அந்தக் காவலருக்குத் தெரியும். சீர்திருத்தம் உடைக்க வேண்டியிருந்தது அந்த உறுதியைத்தான்.

ஐக்கிய நாடுகளின் காவல் பணிக்குழு 2002 இறுதி வரை ஒவ்வொரு காவலரின் பின்னணியையும் ஆராய்ந்து சான்றளித்தது, தகுதியற்றவர்களை நீக்கியது. அரிய பணி அது. ஆனால் நீக்கப்பட்டவர்களுக்கு முறையாக மேல்முறையீடு செய்ய வழி இல்லை. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்ட உள்ளூர் அரசியல்வாதிகள், சட்டத்தின் ஆட்சியைப் போதிக்க வந்தவர்களே அதை மதிக்கவில்லை என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

பெரிய முயற்சி 2004 ஜூலையில் தொடங்கியது. அப்போதைய உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன், பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் வில்ஃப்ரீட் மார்ட்டென்ஸ் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தார். ஐரோப்பிய ஒன்றியம் மூன்று கோட்பாடுகளை வகுத்தது. காவல்துறை தொடர்பான சட்டமியற்றும் அதிகாரமும் நிதி அதிகாரமும் மத்தியில் இருக்க வேண்டும்; காவல் பணியில் அரசியல் தலையீடு கூடாது; காவல் வட்டாரங்களின் எல்லைகளை இனக்கணக்கால் அல்லாமல் தொழில்முறைத் தேவையால் வகுக்க வேண்டும். இவற்றை ஏற்றால்தான் ஒன்றியத்தில் சேர்வதற்கு முதல் படியான இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியும் என்று நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

முதல் கோட்பாடும் மூன்றாவது கோட்பாடும் நாட்டின் வரைபடத்தைத் தொட்டன. காவல் வட்டாரம் அலகுக் கோட்டைக் கடக்கலாம் என்று சொன்னவுடனேயே பேச்சு முழுவதும் அந்தக் கோட்டைப் பற்றியதாக மாறிவிட்டது. தமது காவல்துறையை இழந்தால் அடுத்து தமது குடியரசையே இழப்போம் என்று செர்பியத் தலைவர்கள் மக்களிடம் சொன்னார்கள். இனப்படுகொலையில் பங்கு கொண்ட அமைப்பின் பெயர்ப்பலகை கழற்றப்படாமல் எந்த உடன்பாடும் இல்லை என்று போஸ்னியாக் தலைவர்கள் சொன்னார்கள். 1995இல் ஸ்ரெப்ரெனிகா நகரில் போஸ்னியாக்குகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது இனப்படுகொலைதான் என்று சர்வதேச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு அந்த நிலைப்பாடு மேலும் இறுகியது. இரு தரப்பு மக்களின் அச்சத்துக்கும் துயரத்துக்கும் காரணம் உண்டு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த இரு குரல்களுக்கு நடுவே, காவலருக்குத் தொலைபேசியில் ஆணையிடும் அமைச்சரைத் தடுக்க வேண்டிய இரண்டாவது கோட்பாடு காணாமல் போயிற்று. அதைப் பற்றி விவாதிக்காமல் இருந்துவிட்டது எல்லாத் தரப்புத் தலைவர்களுக்கும் வசதியாகவே இருந்தது.

2005 அக்டோபரில் ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் சட்டமன்றம் கோட்பாடுகளை ஏற்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2006 தொடக்கத்தில் அங்கே மிலோராத் தோதிக் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபரில் பொதுத் தேர்தல். தம் குடியரசு பிரிந்துபோவதற்கான பொதுவாக்கெடுப்பைப் பற்றி அவர் பேசினார். மறுபுறம் போஸ்னியாக் தலைவர் ஹாரிஸ் சிலாய்ஜிச் அலகுகளே இல்லாத போஸ்னியாவைப் பற்றிப் பேசினார். இருவரும் வென்றார்கள். எதிர்த்தரப்பை மிரட்டியே வாக்கு வாங்கலாம் என்று கண்டுகொண்டவரிடம், காவல்துறை மீதான பிடியைத் தளர்த்தச் சொல்லி யாரால் முடியும்?

இங்கே ஒரு கேள்வி எழும். அதே காலத்தில் ஒன்றோடொன்று போரிட்ட படைகளை ஒன்றாக்கி, 2006 ஜனவரி 1 முதல் ஒரே ராணுவமாக அந்நாடு மாற்றிக்கொண்டதே, காவல்துறையை மட்டும் ஏன் மாற்ற முடியவில்லை? போர் முடிந்த பிறகு ராணுவம் அரசியல்வாதிக்கு அன்றாடப் பயன் எதையும் தருவதில்லை. காவல்துறை அப்படியல்ல. கட்சிக்காரருக்கு வேலை அதில் கிடைக்கும். ஒப்பந்த ஊழலை யார் விசாரிப்பது, எந்தக் கோப்பைத் திறப்பது, எதைத் தூசி படியவிடுவது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. ராணுவ வீரர் அமைச்சரின் கதவைத் தட்டப்போவதில்லை. நேர்மையான துப்பறிவாளர் தட்டக்கூடும்.

உயர் பிரதிநிதியாக 2007 ஜூலையில் பொறுப்பேற்ற மிரோஸ்லாவ் லாய்சாக் முன்வைத்த சமரசத்தின் அடிப்படையில், 2008 ஏப்ரலில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒருங்கிணைப்பு இயக்ககம், தடய அறிவியல் முகமை, பயிற்சி முகமை, புகார் வாரியங்கள் எனப் புதிய அமைப்புகள் வந்தன. அலகுகளின் காவல்துறைகளும் மண்டலங்களின் காவல்துறைகளும் இருந்தபடியே இருந்தன. இறுதி வடிவம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு முடிவாகும் என்று எழுதிவைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் களைத்துப்போய் அதை ஏற்றுக்கொண்டு, ஜூன் 16 அன்று லக்சம்பர்க்கில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

தள்ளிவைத்த கேள்வி தீர்ந்துபோகவில்லை. 2018இல் பான்யா லூகாவில் ஓர் இளைஞர் இறந்துகிடந்தபோது, அது விபத்து என்று காவல்துறை சொன்னதை அவருடைய பெற்றோர் நம்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் சதுக்கத்தில் கூடினார்கள். சரயேவோவில் 2016இல் மகனை இழந்த ஒரு போஸ்னியாக் தந்தையும் அதே ஐயத்தோடு நீதி கேட்டுக்கொண்டிருந்தார். இரு தந்தையரும் ஒரே மேடையில் நின்றார்கள். அலகுக் கோட்டின் இரு புறத்து மக்களும் உண்மையான விசாரணையைத்தான் கேட்டார்கள். காவல் வட்டார வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. தலைவர்கள் பல ஆண்டுகள் இயலாது என்று சொல்லிவந்த இன ஒற்றுமையை, காவல்துறை மீதான அவநம்பிக்கை சில வாரங்களில் உண்டாக்கிக் காட்டியது.

2025இல் நிலைமை இன்னும் மோசமானது. அப்போது ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் தலைவராக இருந்த தோதிக்குக்கு எதிராக, உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறிய வழக்கில் மத்திய நீதிமன்றம் பிப்ரவரியில் தீர்ப்பளித்ததும், சிபா தன் பகுதியில் செயல்படக் கூடாது என்று ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் கிழக்கு சரயேவோவில் அவரைத் தேடிச் சென்ற சிபா அதிகாரிகளை அக்குடியரசின் ஆயுதக் காவலர்கள் தடுத்தார்கள். சட்டம் ஒன்றே, சீருடைகள் இரண்டு, இரண்டும் எதிரெதிரே நின்றன.

மீண்டும் முயல்வோர் வரைபடத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காவல் தலைவரை நியமிக்கும் குழுவில் ஆளுங்கட்சி மட்டுமே உட்காரக் கூடாது. அவரது பதவிக்காலத்தை அமைச்சரால் இடையில் முடித்துவைக்க இயலக் கூடாது. புகார் வாரியங்களுக்குச் சொந்த விசாரணையாளர்களும் தனி நிதியும் வேண்டும். இவை பதினைந்து அமைப்புகளிலும் ஒரே சமயத்தில் செய்யத் தக்கவை. எந்தக் கோட்டையும் இவை அழிக்கவில்லை. ஆகவே இவற்றை எதிர்க்கும் தலைவர் தன் இனத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நிபந்தனைகளை அடுத்த முறை எழுதும்போது, முதலில் எழுத வேண்டியவை இவையே.

நன்றி. வணக்கம்.