கோட்டுக்கு அந்தப் பக்கமும் போய்க் கேட்கிறவர்

நடுவர் அவர்களுக்கும், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

உலக அரசியலை நமக்குப் புரியவைப்பது களத்தில் நிற்கும் வெளிநாட்டுச் செய்தியாளரா, வரைபடத்தை வைத்து அலசும் நிபுணரா? இதுதான் தலைப்பு. செயற்கைக்கோள் படம் இருக்கும்போது ஆளை எதற்குச் செலவழித்து அனுப்ப வேண்டும் என்று எதிரணி நண்பர் கேட்டார்.

சரி, வரைபடத்தையே பார்ப்போம். 1974-இல் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. 1976 ஒப்பந்தத்தோடு வந்த கடிதம், கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி நம் படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது. நிபுணருக்கு இவ்வளவு போதும். செய்தியாளர் என்ன செய்வார்? கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போன விசைப்படகு விடிந்தும் திரும்பாத வீட்டுத் திண்ணையில், செல்போனைக் கையிலேயே வைத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அப்புறம் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போவார். அங்கே இன்னொரு தமிழ் மீனவர், கடலடியை வாரி இழுக்கும் நம் பக்கத்து இழுவைமடி அறுத்துப்போட்ட தன் வலையை விரித்துக் காட்டுவார். 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்ததற்கு அந்த வலையும் ஒரு காரணம். நமக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கரையிலும் கேட்டவர் சொன்னால்தானே பிரச்சினையின் முழு உருவம் தெரியும்?

இரண்டு நாள் வந்து படம் எடுத்துப் போகிறவருக்காக நான் வாதாடவில்லை. மொழி கற்று, வருஷக்கணக்கில் தங்கி, பகையான இரண்டு தரப்பும் கதவைத் திறக்கும்படி பேர் எடுத்தவருக்காகப் பேசுகிறேன்.

மேரி கொல்வின் லண்டன் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர். 2001-இல் இலங்கை அரசின் அனுமதியில்லாமல், புலிகள் வசமிருந்த வன்னிக்குள் போனார். உணவும் மருந்தும் தடைபட்டுக் கிடந்த மக்களைப் பார்த்தார். திரும்பும் வழியில் குண்டடிபட்டு இடது கண்ணை இழந்தார். அதன் பிறகும் போர்முனைகளுக்குப் போய், 2012-இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரை விட்டார்.

இலங்கைப் போர் முடிந்த 2009-க்கு வருகிறேன். முள்ளிவாய்க்காலுக்குள் சுதந்திரமான செய்தியாளர் ஒருவரையும் விடவில்லை. நண்பர் சொல்லும் செயற்கைக்கோள் அப்போதும் மேலே இருந்தது. குண்டு விழுந்த குழிகளைக் காட்டியது. அந்தக் குழிகளில் கிடந்தவர்கள் யார் என்று சொல்லவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அந்த மக்களின் உறவுகள் இதோ மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறார்கள். அங்கே போய், அன்றைக்கு உங்களுக்கு யார் தேவைப்பட்டார் என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.