15 நாளில் பச்சை உடம்பு தேறுமா?

நடுவர் அவர்களே, எங்களைப் பார்த்து இப்போதே சிரித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, கடலூர் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'குழந்தை பிறந்தால் அப்பாவுக்குச் சம்பளத்தோடு கொடுக்கிற விடுப்பைக் கூட்ட வேண்டுமா, இருப்பதே போதுமா?' இதுதான் தலைப்பு. கூட்டத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எத்தனை நாள் என்றால், 42 நாள். அது என்ன 42 என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறேன், வருகிறேன்.

எதிரணித் தலைவர் 'இருப்பதே போதும்' என்று முழங்கிவிட்டுப் போனார். ஐயா, இருந்தால்தானே போதும் என்பதற்கு! மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. 1972 விடுப்பு விதிகளில் 43-ஏ என்று ஒரு விதி. உயிரோடு இரண்டு பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்க வேண்டும், பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் காலாவதி. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் இதே விதிதான். முள்ளோடைக்கு இந்தப் பக்கம், நம் கடலூரில், மாநில அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறவருக்கு? தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு என்று இருப்பதைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சமாளிக்க வேண்டும். கடலூர்க்காரர்கள் முள்ளோடை தாண்டிப் போவது எதற்கு என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவாக இருப்பதற்கும் எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை.

மருத்துவ விடுப்பு என்றேனே, அதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரசவம் மனைவிக்கு. சான்றிதழில் வயிற்று வலி புருஷனுக்கு! நேர்மையான ஒரு காரணத்துக்குப் பொய்ச் சான்றிதழ் வாங்க வைக்கிற ஏற்பாட்டைத்தான் எதிரணி 'போதும்' என்கிறது.

தனியார் கம்பெனியில் இந்த 15 நாள்கூடச் சட்டப்படி கிடையாது. 1961 மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017-ல் திருத்தி அம்மாவுக்கு 12 வாரத்தை 26 ஆக்கினார்கள். மகிழ்ச்சி. அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கு வந்தது. மனைவியின் பிரசவத்துக்காகக் கொடுத்த விடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவரைப் பணியை விட்டு ஓடியவராக நடத்திய வழக்கு. தந்தைக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்று நீதிமன்றமே அப்போது சொன்னது. மத்திய அரசிலும் பாருங்கள், 1997-ல் அம்மாவுக்கு 135 நாள், அப்பாவுக்கு 15. 2008-ல் அம்மாவுக்கு 180 ஆனது. அப்பாவுக்கு அதே 15.

இப்போது கணக்குக்கு வருவோம். 15 நாள் எங்கே போகிறது?

சிசேரியன் என்றால் ஆஸ்பத்திரியிலேயே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓடிவிடும். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் பிறப்புப் பதிவுக்கும் ஒரு ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியே பதிந்துவிடும் என்றாலும் பெற்றோர் பெயரில் ஒரு எழுத்துத் தப்பினால் பின்னால் பள்ளிக்கூடம் வரை அலைய வேண்டும். அதைச் சரிபார்க்கிற வேலை பெரும்பாலும் அப்பாவுடையது. வீட்டுக்கு வந்தால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. தையல் போட்ட வயிறு. குழந்தையை விடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது?

நடுவர் அவர்களே, நான் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான். பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாளில் குறையும். பத்து சதவீதம் வரை குறையலாம், பயமில்லை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால், பெரும்பாலும் பால் போதவில்லை அல்லது குழந்தை சரியாகக் கவ்விக் குடிக்கவில்லை என்று அர்த்தம். அது எப்போது தெரியும்? 14-ஆம் நாள், தராசில் வைக்கும்போது. அம்மாவுக்கு மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வரும்; பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போவது இருந்தால் அது வேறு, அதற்கு மருத்துவம் வேண்டும். அது எப்போது தெரியும்? இரண்டு வாரம் கழித்து. ஆக, கோளாறு ஏதாவது உண்டா என்று தெரிய வருகிற அன்றைக்கு அப்பா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்!

42 எங்கிருந்து வந்தது என்றால், இதிலிருந்துதான். பச்சை உடம்பு தேற ஆறு வாரம் என்று மருத்துவமும் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பார்க்கிற தேசியத் திட்டத்தில் நாள்கள் 3, 7, 14, 21, 28, 42. கடைசி வருகை 42. அடுத்த தடுப்பூசித் தவணையும் ஆறாவது வாரம். அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது, ஆபத்தான காலம் 42 நாள் என்று. விடுப்பு விதி எழுதியவருக்கு மட்டும் தெரியவில்லை.

'அதுதான் தாய்வீடு இருக்கிறதே, மாமியார் பார்த்துக்கொள்வார், மாப்பிள்ளை அங்கே என்ன செய்யப் போகிறார்?' என்று எதிரணி அம்மா கேட்டார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். அந்த மாமியாரே இன்றைக்கு வேலைக்குப் போகிறவர், அல்லது சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சரி, அவர் தெம்பாகவே இருக்கட்டும். குழந்தை மஞ்சளாக இருக்கிறது, 'காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்' என்பார். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும், உண்மை. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டால் வெயில் உதவாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. பகல் வெளிச்சத்தில் விரலால் தோலை லேசாக அழுத்தி எடுத்தால் அடியில் நிறம் தெரியும். முகத்தில் தொடங்கிக் கீழே இறங்க இறங்க அளவு கூடுகிறது என்று அர்த்தம். இதைக் கற்றுக்கொள்ள அரை நிமிஷம். ஆனால் தினமும் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வைத்துக்கொண்டு சேனை வைக்க வரிசையில் நிற்கிற மாப்பிள்ளை வீட்டு அத்தை, பெரியம்மாவிடம் 'ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம்' என்று சொல்ல மருமகளுக்கு வாய் வராது. பிள்ளை பெற்ற களைப்பு வேறு. மகன் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் கேட்பார்கள்.

'அப்பா பால் கொடுப்பாரா?' என்று அடுத்த அஸ்திரம். கொடுப்பார்! நம் ஊர்ப் பாலாடை எதற்கு இருக்கிறது? பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை நம் வெயிலுக்கு வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள். பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, முழுங்கியதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். கை பழக நாளாகிற வேலை இது.

எடை குறைந்து பிறந்த குழந்தை விஷயத்தில் அப்பா வெறும் துணை ஆள் இல்லை, சிகிச்சையே அவர்தான். ஒன்றே முக்கால் கிலோ, இரண்டு கிலோ குழந்தை உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. கங்காரு முறை என்கிறார்களே, அது தாய் மட்டும் செய்ய வேண்டியதில்லை. அப்பா குளித்துவிட்டு, சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கம் திறந்த சட்டையோடு சாய்வாக உட்கார வேண்டும். குழந்தைக்குக் குல்லா, காலுறை, அணைத்துணி மட்டும். வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்து, கழுத்து மடங்காமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்க, துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து வைத்தால் குழந்தைதான் களைத்துப்போகும். ஒரு நாளைக்கு மொத்தம் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி நேரமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. தையல் போட்ட அம்மா ஒருத்தியால் ஆகுமா? தற்செயல் விடுப்பில் வருகிற அப்பாவால் ஆகுமா?

அடுத்தது பணம். கம்பெனிகள் திவாலாகிவிடும் என்று ஒருவர் கண்ணீர் விட்டார். அம்மாவின் 26 வாரச் சம்பளத்தையும் ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளி தலையில் கட்டியது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நேர்முகத் தேர்வில் பெண்ணிடம் 'கல்யாணம் எப்போ?' என்று கேட்கிறார்கள். ஆணும் விடுப்பில் போவான் என்று ஆனால் அந்தக் கேள்விக்கு வேலை குறையும். எங்கள் யோசனை, பணம் பொது நிதியிலிருந்து வரட்டும். ஈ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25. உச்ச வரம்பில் இருக்கிறவருக்கு மாதம் 840 ரூபாய் நிதிக்குப் போகிறது. நாள் ஒன்றுக்கு 700 என்று போட்டால் 42 நாளுக்கு 29,400 ரூபாய். அம்மாவின் 182 நாளுக்கு 1,27,400. கால் பங்குகூட வரவில்லை. சிப்காட்டில் நூறு பேர் வேலை செய்கிற தொழிற்சாலையில் வருஷத்தில் நாலு அப்பாக்கள் என்று வைத்துக்கொள்வோம், 168 நாள். மொத்த வேலை நாள் ஆளுக்கு 300 என்றால் 30,000. நூற்றில் ஒன்றுகூட இல்லை. டெங்குக் காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. பிரசவம் ஆறு மாதம் முன்பே தேதி சொல்லிவிட்டு வருகிறது. அந்தத் தேதி முன்னே பின்னே ஆகும், அதனால் எட்டு வாரம் முன்பே கடிதம், தொடங்கும் நாள் மட்டும் நெகிழ்வாக என்று விதி எழுதினால் மாற்று ஆள் பிடிக்க நேரம் இருக்கிறது.

'விடுப்பைக் கொடுத்தால் கிரிக்கெட் பார்ப்பான்' என்பது கடைசி அஸ்திரம். பார்ப்பவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரிய சிக்கல் எதிர்ப்பக்கம் இருக்கிறது. கொடுத்தாலும் பயந்துகொண்டு எடுக்க மாட்டார்கள். ஜப்பானில் சட்டம் தாராளம், எடுத்தவர்கள் சொற்பம். 2022-ல் 'எடுக்கிறாயா?' என்று நிறுவனமே ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த வருஷம் 17 சதவீதம், அடுத்த வருஷம் 30, 2024-ல் 40-ஐத் தாண்டியது. புதுச்சேரியை ஆண்ட பிரான்சு 2021 ஜூலையில் 14 நாளை 28 ஆக்கியது. அதில் 3 நாள் முதலாளி கணக்கு, 25 நாள் சமூகக் காப்பீடு, முதல் 7 நாள் கட்டாயம். கட்டாயம் என்று வந்துவிட்டால் மேலாளர் முகம் சுளிக்க இடமில்லை. அதோடு இந்த விடுப்பைச் சரண்டர் செய்து காசாக்க முடியாது என்றும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

எதிரணி கேட்டதில் நியாயமானது ஒன்று உண்டு. மீனவருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் பண்ருட்டி முந்திரி உடைக்கிறவருக்கும் விடுப்பு ஏது? சரியான கேள்வி. அவர்களுக்கு விடுப்புச் சீட்டு பயன்படாது, காசுதான் வேண்டும். நல வாரியம் வழியாக, குழந்தை பிறந்த மாதமே. புதிதான யோசனையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எதற்கு? மீன் இனப்பெருக்கம் செய்ய. வேலைக்குப் போகாத குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் 8,000 ரூபாய் தருகிறது, தரத்தான் வேண்டும். வஞ்சிர மீன் குஞ்சு பொரிக்க 61 நாள் கொடுக்கிற அரசாங்கத்திடம், அதைப் பிடிக்கிற மனுஷன் வீட்டில் குழந்தை பிறந்தால் 42 நாள் கேட்பது பேராசையா?

விடுப்பை ஒரே மூச்சில் எடுக்கச் சொல்லவும் வேண்டாம். பிறந்தவுடன் 14 நாள் கட்டாயம். தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவி திரும்பும்போது 14. மூன்றாவது 14, அவர் வேலைக்குத் திரும்பும் நாளில். இங்கேதான் 43-ஏ விதியின் ஓட்டை தெரியும். ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி என்கிறது. பிரசவத்தன்று தொடங்கினால் அம்மாவின் விடுப்பு 180 நாளில் முடிகிறது. அதாவது அம்மா வீட்டில் இருக்கும் வரை அப்பாவுக்கும் விடுப்பு உண்டு. அம்மா கிளம்பியதும் அப்பாவுக்கும் இல்லை! ஆறு மாதம் என்பதை ஒரு வருஷமாக மாற்ற ஒரு வரித் திருத்தம் போதும். ஆறு மாதக் குழந்தைக்கு அப்போதுதான் கூழும் பருப்பும் மசித்துக் கொடுக்கத் தொடங்குகிறோம். அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் எனக்கு வேறெதற்கும் பதில் சொல்ல வேண்டாம். 181-ஆம் நாள் காலை எட்டே முக்காலுக்கு, அம்மா ஆபீஸ் பஸ்ஸில் ஏறிய பிறகு, அந்தக் குழந்தை யார் இடுப்பில் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.