பட்டனை அழுத்திவிட்டு காபி போடப் போகும் பெரியப்பா

[திரையில்: மேசைக்கடியில் பழைய டெஸ்க்டாப். ஒரு விரல் பவர் பட்டனை அழுத்துகிறது.]

வணக்கம். இது எங்கள் பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர். வாங்கி எட்டு வருடம் இருக்கும். பட்டனை அழுத்திவிட்டு அவர் அடுப்படிக்குப் போவார். பால் காய்ச்சி, டிகாஷன் கலந்து, டம்ளரோடு வந்து உட்கார்ந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஃபோனில் நேரம் வைத்துப் பார்த்தேன். டெஸ்க்டாப் வர 2 நிமிடம், அப்புறம் குரோம் திறக்க இன்னும் 4 நிமிடம். கடையில் கேட்டதற்கு, "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்களாம்.

சரி, வாங்குவதற்கு முன்னால் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

[திரையில்: டாஸ்க் மேனேஜர்]

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மேலே உள்ள எண்களைக் கவனியுங்கள். சிபியு 9 சதவீதம், மெமரி 61. டிஸ்க்? 100. இதில் வேடிக்கை என்னவென்றால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தொட்டால், படிக்கும் வேகம் விநாடிக்கு 2 எம்பி கூட இல்லை. முழு நேரமும் வேலை செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை!

காரணம், உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, அதன்மேல் இங்கும் அங்கும் ஓடும் ஒரு முள். ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நன்றாகவே படிக்கும். ஆனால் விண்டோஸ் எழும்போது கேட்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். மளிகைக் கடையில் ஒரே ஒரு பையன், ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டுகிறார்கள். கடுகு ஒரு மூலையில், சீரகம் இன்னொரு மூலையில். பையன் ஓடுகிற நேரம்தான் அதிகம், பொட்டலம் கட்டுகிற நேரம் கொஞ்சம். இந்த மாதிரித் துண்டு வேலையை ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூறு, இருநூறு தடவைதான் செய்யும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. பல்லாயிரம் தடவை செய்யும்.

முதலில் காசில்லாத வேலை. சீட்டு நீட்டுபவர்களைக் குறைப்போம். ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போனால் 14 பேர் வரிசையில் நிற்கிறார்கள். பேரன் போட்ட கேம் லாஞ்சர், என்றோ ஒருநாள் பேசிய வீடியோ கால் ஆப், இப்போது வீட்டிலேயே இல்லாத பிரிண்டரின் உதவியாளர். வேண்டாததை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். ஆப் அழிந்துவிடாது, தானாக எழாது, அவ்வளவுதான். விண்டோஸ் செக்யூரிட்டியையும் ஆடியோ சம்பந்தப்பட்டதையும் தொடாதீர்கள். இதிலேயே அந்த 4 நிமிடம் இரண்டரை ஆனது.

இன்னொன்று. சிபியு பக்கத்தில் 'அப் டைம்', அதாவது கடைசியாக முழுதாக எழுந்ததிலிருந்து ஆன நேரம், 23 நாள் காட்டியது. "தினமும் ஷட்டவுன் பண்றேனே!" என்றார் பெரியப்பா. அவர் மேல் தப்பில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் அப்படியே சேமித்து வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். முழுதாகப் புதிதாக எழ வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று வருகிற எதையும் போடாதீர்கள். அதுவே பதினைந்தாவது ஆளாக வரிசையில் வந்து நிற்கும்.

[திரையில்: கேபினட் திறந்திருக்கிறது. கையளவு எஸ்எஸ்டி.]

இனி காசு செலவு. ஹார்ட் டிஸ்க் இருக்கிற கம்ப்யூட்டருக்கு 2.5 இன்ச் சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி அநேகமாகப் பொருந்தும். முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, குளோனிங் மென்பொருள் வைத்துப் பழைய டிஸ்க்கை அப்படியே இதில் இறக்கலாம். முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நான் கழற்றாமல் ஆன் செய்து, அது பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்து, புதுசும் இவ்வளவுதானா என்று அரைமணி நேரம் நொந்துபோனேன்.

ரேமைப் பொறுத்தவரை (டாஸ்க் மேனேஜரில் மெமரி என்று காட்டுவது இதுதான்), நாலு டேப் திறந்தாலே மெமரி 85, 90 என்று நின்றால் மட்டும் கூட்டுங்கள். ரேமில் வகைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, பார்த்து வாங்குங்கள்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இதில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிபியு, விண்டோஸ் 11 ஏற்கும் சிபியுக்களின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் போடலாம் என்றேன், பெரியப்பா யோசித்துச் சொல்கிறாராம்.

[திரையில்: ஃபோனில் ஸ்டாப்வாட்ச். எஸ்எஸ்டி போட்ட பிறகு 24 விநாடி.]

பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் அலமாரியில் கிடக்கட்டும். பெரியப்பா வீட்டில் மூன்றாம் வாரம்தான், குளோன் செய்யாமல் விட்ட டி டிரைவில் அக்கா கல்யாண ஃபோட்டோ மொத்தமும் இருந்தது தெரியவந்தது.