பொய்யன் புதிர்: தன்னைச் சுட்டுவதா குற்றம்?

[திரை: கருப்புப் பின்னணியில் ஒரே வரி. "இந்த வாக்கியம் பொய்."]

இது உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால், அது சொல்வதுபோலவே, அது பொய். சரி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் அதைத்தான் சொல்கிறது. ஆக அது உண்மை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துக் கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடஸ் கிளப்பிய சிக்கல் இது. பலர் இதை எபிமெனிடஸின் பெயரில் சொல்வார்கள். கிரீட் தீவுக்காரரான அவர், "கிரீட்டர்கள் எப்போதும் பொய்யர்கள்" என்றாராம். அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டால், யாரோ ஒரு கிரீட்டர் என்றைக்கோ ஓர் உண்மை பேசியிருக்கிறார், அவ்வளவுதான். யூபுலிடஸின் வரியில் இப்படி நழுவ வழியே இல்லை.

[திரை: "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன." சொற்களின் மேல் 1 முதல் 5 வரை எண்கள்.]

வாக்கியம் தன்னைப் பற்றியே பேசுவதுதான் கோளாறு என்று தோன்றும். சுமார் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாக்கியபதீயம் என்ற சமஸ்கிருத மொழித் தத்துவ நூலை எழுதிய பர்த்ருஹரியும், "நான் சொல்வதெல்லாம் பொய்" என்பவர் அந்த வாக்கியத்தையே அதில் சேர்ப்பதில்லை என்றார். ஆனால் திரையில் உள்ளதை எண்ணிப் பாருங்கள். ஐந்துதான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறது; உண்மையும்கூட. 1931இல் தர்க்கவியலாளர் குர்ட் கோடெல், "எனக்கு இந்த அமைப்பில் (அதாவது இந்த அடிப்படை விதிகளைக் கொண்டு) நிரூபணம் இல்லை" என்று சொல்லும் வாக்கியத்தை எண்கணிதத்துக்குள்ளேயே கட்டிக் காட்டினார். முரண்பாடு வரவில்லை. வாக்கியம் தன்னைச் சுட்டுவதைத் தடைசெய்யப் போனால் எண்கணிதத்தையும் சேர்த்தே இழப்போம்.

சிக்கல் "உண்மை" என்ற சொல்லில் இருக்கிறது. "பனி வெண்மையானது" என்பது உண்மையானால் பனி வெண்மையானது. பனி வெண்மையானால் அந்த வாக்கியம் உண்மை. இந்த விதி தன் எல்லா வாக்கியங்களுக்கும் பொருந்தும்படி ஒரு மொழி தனக்குள்ளேயே "உண்மை" என்ற சொல்லை வைத்திருந்தால், வழக்கமான தர்க்கத்தில் முரண்பாடு வந்தே தீரும். 1933இல் தர்க்கவியலாளர் ஆல்பிரட் தார்ஸ்கி காட்டியது இது. அவருடைய தீர்வு: ஒரு மொழியின் (கீழ்மொழி) உண்மையை, அதைப் பற்றிப் பேசும் இன்னொரு மொழியில் (மேல்மொழி) மட்டுமே பேசலாம்.

[திரை: ஆ-வின் ஐந்து கூற்றுகள். இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு, ஐந்தாவது நிறமின்றி.]

அன்றாடப் பேச்சு இந்த அடுக்குகளுக்கு அடங்குமா? அ, ஆ என்று இருவர். அ சொன்னது ஒன்றே ஒன்று: "ஆ சொன்னவற்றில் பாதிக்கு மேல் பொய்." ஆ சொன்ன ஐந்தில் இரண்டு உண்மை, இரண்டு பொய். ஐந்தாவது: "அ சொன்னது உண்மை." இப்போது அ சொன்னது சரியென்றால் ஐந்தாவதும் பொய்யாக வேண்டும், அது பொய்யானால் அ சொன்னது தவறு. தவறென்று தொடங்கினாலும் இதே சுழல்தான். இருவரில் யார் மேல்மொழி பேசினார்? பச்சையில் ஒன்று சிவப்பாக இருந்திருந்தால் சிக்கலே இல்லை. வாக்கியத்தைப் பார்த்து மட்டும் ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்ற இந்த அவதானிப்பு, 1975இல் தத்துவவாதி சால் கிரிப்கி எழுதிய கட்டுரையின் ஆகச் சிறந்த பகுதி.

அவர் முறையில் முதலில் பனி பற்றியது போன்ற வாக்கியங்கள் "உண்மை" அல்லது "பொய்" என்ற மதிப்பைப் பெறும். பிறகு அவற்றை உண்மை என்பவை, பிறகு அவற்றையும் உண்மை என்பவை. பொய்யன் வாக்கியத்துக்கு எந்தக் கட்டத்திலும் மதிப்பு கிடைக்காது.

[திரை: "இந்த வாக்கியம் உண்மை அல்ல."]

இதற்கும் மதிப்பில்லை என்கிறோமா? அப்படியானால் இது உண்மை அல்ல. அதைத்தானே இது சொல்கிறது! "மதிப்பில்லை" என்று சொல்லவே கிரிப்கியும் ஒரு மேல்மொழிக்கு ஏற வேண்டியிருக்கிறது. அதை அவரே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.

1979இல் தத்துவவாதி கிரஹாம் பிரீஸ்ட் வேறு வழியில் போனார்: வாக்கியம் உண்மை, பொய் இரண்டுமே. அதற்கு விலை உண்டு. "க அல்லது ச, க இல்லை, ஆகவே ச" என்று நாம் தினமும் செய்யும் அனுமானம் அவர் தர்க்கத்தில் பொது விதியாகச் செல்லாது.