47-ஆம் எண் சட்டை

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் பேனரில், நம்மை விட்டுப் போன என் நண்பனின் முழுப் பெயர் இருக்கிறது, ஆனால் எனக்கு வாயில் முதலில் வருவது 47 தான். ஏற்காட்டு ஹாஸ்டலில் அது அவன் துணி எண், நான் 48. வெளுக்கப் போட்ட துணி மாறாமலிருக்க காலரில் எண்ணைத் தைத்து அனுப்பச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பேனாவால் எழுதினார்கள், இரண்டே சலவையில் போய்விட்டது. அவன் அம்மா சேலம் அம்மாப்பேட்டையில் தறியில் உட்காருகிறவர், மிச்சப் பட்டு நூலில் தைத்திருந்தார். கொடியில் எத்தனை சட்டை காய்ந்தாலும் அவனுடையது மினுக்கும். என் எண் அழிந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் படுக்கையில் உட்கார்ந்து, எனக்கும் அவனே தைத்துக் கொடுத்தான். பதினோரு வயது.

ஏற்காட்டில் 1894-லிருந்து கன்னியர்களும், 1917-லிருந்து காபிரியேல் சபைச் சகோதரர்களும் பள்ளி நடத்துகிறார்கள், அங்கே பெரிய இடத்துப் பிள்ளைகள் நிறைய. எங்களுடையது அவ்வளவு பெரியதில்லை, தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் கட்டணம் கட்ட முடிந்த பள்ளி. அவன் வீட்டில் முருகன் படம்தான். ஆனால் மாதா கோயிலில் காலை, மதியம், சாயங்காலம் மூவேளை செப மணி அடித்தால் அவன் பேச்சை நிறுத்திவிடுவான், கடைசிவரை அப்படித்தான். போன வருடம் அவனோடு ஏற்காடு ஏரிக்கரையில் நின்றேன், சாயங்காலம் மணி கேட்டது, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டான். நானும் சும்மா நின்றேன்.

அப்புறம் அவன் ஆசிரியரானான், அதே சேர்வராயன் மலையில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவன் அங்கே செய்ததில் பாதி யாருக்கும் தெரியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்க அப்பா அம்மா எஸ்டேட்டுக்குப் போவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை வீட்டில் நின்றுவிடும், பொங்கல் வரைக்கும் வகுப்பில் இடம் காலியாக இருக்கும். அவன் யாரையும் திட்டவில்லை, இருட்டுவதற்கு முன்னால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடந்துபோய் திண்ணையில் வைத்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தான், அட்டை கடிக்கும், பனியில் சட்டை நனையும், மறுநாளும் போவான். கீழே சேலத்துக்கு மாற்றல் கேட்கக் கூடாதாடா என்றேன் ஒருமுறை. "பனி பழகிடுச்சுடா" என்றான், அவ்வளவுதான்.

நான் வருடத்துக்கு இரண்டு போன் செய்ததோடு சரி. அது எனக்கு இப்போது வலிக்கிறது.

அவன் காரியத்துக்குப் போனபோதுதான் அந்த விடுதியைப் பார்த்தேன். பிள்ளைகளின் சட்டைக் காலரில் எண் இல்லை. பெயர் தைத்திருந்தது, முழுப் பெயர், சில பெயருக்கு இடம் போதாமல் இரண்டு வரி. எல்லாம் பட்டு நூல். அம்மாப்பேட்டைக்கு மாதம் ஒருமுறை வருகிறவன் கழிவு நூலைப் பையில் வாங்கிப் போவான் என்றார் அவன் மனைவி. யோசித்துப் பார்க்கிறேன், நாங்கள்தான் அவனை 47 என்றோம். அவன் ஒருநாளும் என்னை 48 என்று கூப்பிட்டதில்லை.

அவன் நூல் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும், முதல் சனிக்கிழமை, புதுப் பிள்ளைகளுக்குத் தைக்கப் போகிறோம். தையல் தெரிந்தவர்கள் வாருங்கள், தெரியாதவர்களும் வாருங்கள், நூல் கோக்க ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்கு சேலம் அஸ்தம்பட்டியில் நிற்பேன். மலை ஏற 20 கொண்டை ஊசி வளைவு, தலைசுற்றுகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டு வாருங்கள்.