வில் இருக்கு, அம்பு எங்கை?

வணக்கம் நேயர்களே. எனக்கு ஊர்ப்பெயர்ப் பைத்தியம் என்று வீட்டிலே சொல்வார்கள். அதை இப்போது முற்றவைப்பவள் என் பேத்தி, வயது ஆறு.

போன மாரியிலே காங்கேசன்துறைக்கு ரயிலிலே கூட்டிக்கொண்டு போனேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பருவம். ஸ்டேசன் பலகை ஒன்றையும் விடமாட்டாள். யாழ்ப்பாணம் விட்டதும் கொக்குவில். பிறகு கோண்டாவில். பிறகு இணுவில். அதோடு என் பக்கம் திரும்பினாள்: "அம்மப்பா, எல்லா ஊரிலையும் வில் கிடக்கு. அம்பெல்லாம் எங்கை?"

பெட்டியிலே சிரிப்பு. எதிரே கடகத்தை மடியில் வைத்திருந்த அம்மா ஒருவர், "உடுவில், மட்டுவில், மந்துவில், இன்னும் எத்தினை கிடக்கு பிள்ளை!" என்று எடுத்துக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. அறுபது வருஷமாய் இந்தப் பெயர்களைச் சொல்லுகிறேன், அம்பைத் தேடினேனா?

இது எய்கிற வில் அல்ல. மழைநீர் தேங்குகிற பள்ளத்தை வில்லு என்பார்கள். வில்பத்துக் காட்டிலே இன்றும் வில்லுகள் உண்டு. ஆறு என்று சொல்ல எங்களுக்கு வழுக்கையாறு, அதுவும் மாரியிலே மட்டும். (அந்தப் பெயரை அவள் காதில் போட எனக்குப் பயம்!) தண்ணீர் தேங்கினால் கொக்கு வரும், சனமும் வரும். அப்படித்தான் விளங்கப்படுத்தினேன். விடுவாளா?

"அப்ப கொக்குவில்லிலை ஒரு கொக்கையும் காணேல்லையே?"

மதில்களைத்தான் கண்டோம். வில்லுகளை நாங்கள் நிரவி வீடு கட்டிவிட்டோம், பிறகு மாரியிலே முற்றத்தில் வெள்ளம் என்று முறைப்பாடு! திரும்பவும் சொல்கிறேன், வில் என்றால் தண்ணீர் நிற்கிற இடம். காணி வாங்குகிறவர்கள் கேளுங்கள்.

அவளின் தமையன் வேறு. ஆறுகால்மடம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும், "ஆறு காலெண்டா அது பூச்சியோ?" என்றான். கால் என்றால் தூண், தம்பி. ஆயிரங்கால் மண்டபம் நடக்கிறதா?

யானை கதைதான் முக்கியமாய் வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாய்: ஆனையிறவு, ஆனைப்பந்தி, ஆனைக்கோட்டை. போர்த்துக்கேயர் காலத்திலே ஊர்காவற்துறையிலே யானைகளைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் மொழியிலே இறங்குதுறைக்கு 'காயிஷ்'. அதுதான் ஊர்காவற்துறையின் மற்றப் பெயர், எங்கள் கைற்ஸ்.

மாவிட்டபுரம் மிச்சம். மா என்றால் குதிரை. கீரிமலையிலே முழுகி இளவரசியின் குதிரைமுகம் நீங்கிய கதை உங்களுக்குத் தெரியும். பேத்தி கேட்டது இவ்வளவுதான்: "கழட்டின முகத்தை எங்கை வைச்சவா?"

வணக்கம்.