மரம் மறைத்த சதுப்பு

அனைவருக்கும் வணக்கம்.

திரையில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் பாருங்கள். கனடாவில், ஹட்சன் விரிகுடாவுக்குத் தெற்கே உள்ள தாழ்நிலம். மேலிருந்து எடுத்தது. என்ன தெரிகிறது? "காடு" என்று முன்வரிசையில் ஒரு தம்பி சொல்கிறார். சரிதான். அந்தக் காட்டில் இறங்கி நாலு எட்டு வைத்தால் முழங்கால் வரை உள்ளே போய்விடும், அவ்வளவுதான். அடியில் இருப்பது சதுப்பு.

பனியுகம் முடிந்து பனிப்பாளம் உருகிய பிறகு அந்த நிலம் வெகுகாலம் கடலுக்கடியில் கிடந்தது. கடல் விட்டுப்போன களிமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. தரையோ தாம்பாளம் போலச் சமம். பெய்த மழையும் உருகிய பனியும் வழியில்லாமல் அங்கேயே நிற்கின்றன. அந்த ஈரத்தில் ஸ்பாக்னம் என்ற பாசி வளர்கிறது. குளிரிலும் புளிப்பு நீரிலும் செத்த பாசி முழுதாக மக்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல அடி ஆழத்துக்கு 'பீட்' படிந்துவிடுகிறது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். மண்ணில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள் அடங்கியிருக்கிறது.

இதன்மேல் நிற்பது பெரும்பாலும் கருப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். நல்ல மண்ணில் நெடுநெடுவென்று போகிற மரம்தான். சதுப்பில் நூறு வயதானதுகூட ஆளைவிடச் சற்றே உயரமாக, மணிக்கட்டுப் பருமனில் நிற்கும். நம் ஊரில் அதை நாற்று என்றே நினைத்துக் கடந்துவிடுவோம்.

இப்போது என் வேலையான வரைபடத்துக்கு வருகிறேன். புல் முளைத்த சதுப்பை வரைவது எளிது, மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மரம் மூடிய சதுப்புதான் ஆளை ஏமாற்றும். செயற்கைக்கோள் படத்தில் மேட்டுக்காடும் பச்சை, இதுவும் பச்சை. நான் முதன்முதலில் வகைப்படுத்திய ஒரு படத்தில் நல்ல உலர்ந்த காடு என்று அழகாக நிறம் தீட்டியிருந்த இடம், களத்துக்குப் போனவர்களின் காலணியை உருவி எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மரத்தைப் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிட்டேன்.

பின்னே எதைப் பார்ப்பது? காலடியைத்தான். மழைநீரை மட்டுமே குடித்து வாழும் சதுப்பை ஆங்கிலத்தில் 'பாக்' என்பார்கள். சத்து இருக்காது, புளிப்பு அதிகம், ஸ்பாக்னம் மெத்தை போட்டிருக்கும். நிலத்தடி நீரும் வந்து சேருகிற இடம் 'ஃபென்'. அங்கே கோரைகள் வரும், டாமராக் மரம் வரும். ஃபின்லாந்துக்காரர்கள் இன்னும் நுட்பம். ஸ்புரூஸ் நிற்கும் சதுப்புக்கு 'கோர்பி', பைன் நிற்பதற்கு 'ரேமே', மரமே இல்லாததற்கு 'நேவா' என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். முல்லை, மருதம், நெய்தல் என்று செடியின் பெயரால் நிலத்தைச் சொன்ன நமக்கு இது உடனே பிடிபடும். அந்த ஊர்ச்சொற்களை 1913-இல் அறிவியல் வகைப்பாடாக ஆக்கியவர் கயாண்டர் என்ற காட்டியல் அறிஞர். பின்னாளில் மூன்று முறை அந்நாட்டுப் பிரதமராகவும் இருந்தார். சதுப்பில் கால் பதித்தவருக்கு அரசியல் ஒரு பொருட்டா என்ன!

அப்படியானால் லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரையும் நடந்தே பார்ப்பதா? முடியாது. இங்கேதான் ரேடார் வருகிறது. செயற்கைக்கோளிலிருந்து அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும் கருவி. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை இலையிலும் சுள்ளியிலும் பட்டுச் சிதறிவிடும். 24 சென்டிமீட்டர் அலை இலைகளைக் கடந்து கீழே இறங்கும். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் பட்டுத் தெறித்து, அடிமரத்தில் மோதி, வந்த வழியே திரும்பும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு சிக்கல். பாக் நிலத்தில் தண்ணீர் வெளியே தேங்குவதில்லை, பாசிக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

பாக் எது, ஃபென் எது என்று பிரிக்க நான் நம்புவது இலையுதிர்காலப் படத்தை. அந்தக் காட்டின் ஊசியிலை மரங்களில் டாமராக் மட்டும் இலை உதிர்க்கும். உதிர்க்குமுன் பொன் மஞ்சளாகிவிடும். கோடையில் ஒரே பச்சையாகத் தெரிந்த பரப்பில், இலையுதிர்காலத்தில் ஃபென் நிலங்கள் தாமே மஞ்சள் பூசிக்கொண்டு எழுந்து நிற்கும். ஆண்டில் சில வாரங்கள்தான். அதற்குள் மேகம் மூடிவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

கடைசியில் ஓர் இரும்புக் கம்பியும் தேவைப்படும். களிமண் தட்டும் வரை பீட்டுக்குள் குத்தி ஆழம் பார்ப்போம். கனடாவில் 40 சென்டிமீட்டர் இருந்தால் அது பீட் நிலம். ஐரோப்பாவில் பல இடங்களில் 30 போதும். ஆக, 35 சென்டிமீட்டர் ஆழமுள்ள நிலம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பீட் நிலமாகும், ஆகாமலும் போகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு வாருங்கள். ஃபென் நிலத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். குறுக்கே சாலை போட்டால் ஒரு பக்கம் நீர் தேங்கி மரம் அழுகிச் சாகும், மறுபக்கம் காயும். எண்ணெய் தேடுவதற்காகக் காட்டை நேர்கோடாக வெட்டிய தடங்களும் அங்கே உண்டு. மேட்டுக்காட்டில் ஓரளவு மூடிக்கொண்டன. சதுப்பில், மரக்கன்றுக்கு உட்கார இடம் தரும் பாசி மேடுகளை இயந்திரம் நசுக்கிவிட்டதால், ஐம்பது ஆண்டு கழித்தும் திறந்தே கிடக்கின்றன. ஓநாய்க்கு அது ராஜபாட்டை. ஓநாய்க்குப் பயந்து சதுப்புக்குள் ஒதுங்கியிருந்த கரிபு மான்களிடம் ஓநாய் இப்போது நேராகப் போய்ச் சேருகிறது.

நான் சொன்ன நீண்ட அலை ரேடாரைச் சுமந்துகொண்டு, 2025 ஜூலை 30 அன்று நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் போயிருக்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். பனி உருகும் மாதத்தில் அந்த ஸ்புரூஸ் காட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் அதில் தொடர்ந்து பார்க்கலாம். பாசிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீருக்கு மட்டும் இரும்புக் கம்பியோடு இன்னும் ஆள் போகத்தான் வேண்டும். முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸோடு.